நம் நாட்டில் கொடையாளர்களுக்குப் பஞ்சமில்லை: அந்தக் கொடையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் தொழிலதிபர்களே, வணிகர்களே, மருத்துவர்களே, மென்பொருள் நிறுவனங்களில் பணிபுரிவோரே, இந்தியக் கடவுச்சீட்டோடு சிங்கப்பூரிலும் துபாயிலும் அமெரிக்காவிலும் வாழும் தமிழர்களே,

வணக்கம்.

2022 ஏப்ரல் 8 அன்று, நோயல் ஹார்ப்பர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தில் 2020-இல் செய்யப்பட்ட திருத்தங்கள் பெரும்பாலும் செல்லும் என்றது. வெளிநாட்டு நன்கொடை பெறுவதை ஓர் உரிமையாகக் கோர முடியாது என்று கூறிய நீதிபதிகள், தொண்டு அமைப்புகள் உள்நாட்டுக் கொடையாளர்களை நாடலாம், நம் நாட்டில் கொடையாளர்களுக்குப் பஞ்சமில்லை என்ற பொருளிலும் எழுதினார்கள். அந்தத் தீர்ப்பின் பெரும்பகுதியை என்னால் ஏற்க முடியவில்லை. ஆனால் இந்த ஒரு கருத்தை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறேன். நீதிபதிகள் சொன்ன கொடையாளர்கள் நீங்கள்தான். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன்.

தென் மாவட்டங்களில் மனித உரிமைப் பணி செய்யும் சில சிறு அறக்கட்டளைகளின் வரவு செலவுக் கணக்குகளைப் பல ஆண்டுகளாகப் பார்த்துவருகிறேன். காவல் நிலையத்தில் அடிபட்டவர்களுக்காகவும், செங்கல் சூளையில் முன்பணத்துக்குக் கட்டுண்டு கிடக்கும் குடும்பங்களுக்காகவும், சாதி வன்கொடுமைக்கு ஆளானவர்களுக்காகவும் வேலை செய்கிறவர்கள் இவர்கள். இவர்களுடைய வரவுப் பக்கத்தில் உங்கள் பெயர்கள் அநேகமாக இருந்ததே இல்லை. ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் போன்ற நாடுகளின் தேவாலய நிதி அமைப்புகள்தான் இருந்தன. எங்கள் வட்டாரத்தில் வெளிநாட்டு நன்கொடையை ‘எஃப்.சி. பணம்’ என்போம். அந்தப் பணம் வரும் வழி இப்போது பல அமைப்புகளுக்கு அடைபட்டுவிட்டது.

அடைத்தது ஒரு கட்சி மட்டும் அன்று என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்த மடலைக் கட்சிக் கண்ணாடி போட்டுப் படிப்பவர்களும் இருப்பார்கள். 1976-இல், நெருக்கடி நிலையின் நடுவே, இந்திரா காந்தி அரசு கொண்டுவந்த சட்டம் இது. 2010-இல் மன்மோகன் சிங் அரசு அதை இறுக்கிப் புதிய சட்டமாக்கியது. வெளிநாட்டு நன்கொடை பெறுவதற்கான பதிவை ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும் என்ற கட்டாயம் அப்போதுதான் வந்தது. 2012-இல் கூடங்குளம் அணு உலைக்கு எதிரான இடிந்தகரைப் போராட்டத்தின் பின்னால் அமெரிக்கத் தொண்டு நிறுவனங்கள் இருப்பதாக அன்றைய பிரதமரே ஓர் அறிவியல் இதழிடம் சொன்னார். அதைத் தொடர்ந்து தென் மாவட்ட அமைப்புகள் சிலவற்றின் கணக்குகள் முடக்கப்பட்டன. கடலோர மக்கள் தம் உயிருக்கு அஞ்சித் தாமே கூடிப் போராட மாட்டார்கள், யாரோ பணம் கொடுத்துத்தான் தூண்டியிருக்க வேண்டும் என்ற எண்ணம் அப்போதே ஆட்சியாளர்களிடம் வேர்விட்டிருந்தது.

மதுரையில் இயங்கும் மனித உரிமை அமைப்பான மக்கள் கண்காணிப்பகத்தின் கதை பலருக்குத் தெரியும். அதை நடத்தும் அறக்கட்டளையின் பதிவு 2012-இல் இடைநிறுத்தப்பட்டது. 2016-இல் புதுப்பிக்க மறுக்கப்பட்டது. அந்த மறுப்பு சட்டப்படியானதாகவோ நடுநிலையானதாகவோ மேலோட்டமான பார்வையில் தெரியவில்லை என்று தேசிய மனித உரிமை ஆணையமே அதே ஆண்டில் சொன்னது. அரசு அமைத்த ஆணையம் சொன்ன சொல்லையும் அரசு காதில் வாங்கவில்லை.

பிறகு வந்தது 2020 செப்டம்பர். நரேந்திர மோடி அரசு நாடாளுமன்றத்தில் சில நாட்களுக்குள் நிறைவேற்றிய திருத்தம், சிறு அமைப்புகளின் கழுத்தில் நேராகக் கைவைத்தது. வெளிநாட்டு நன்கொடை பெறும் ஓர் அமைப்பு அதை வேறொரு அமைப்புக்குப் பகிர்ந்து கொடுக்கக் கூடாது என்று ஆனது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தெரியும். இராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ இரண்டு அறைகளில் இயங்கும் ஒரு குழுவால் ஆங்கிலத்தில் நாற்பது பக்கத் திட்ட அறிக்கை எழுதி ஐரோப்பாவுக்கு அனுப்ப முடியாது. சென்னையிலோ டெல்லியிலோ உள்ள பெரிய அமைப்பு ஒன்று நிதி வாங்கி, இப்படிப்பட்ட பத்துப் பதினைந்து குழுக்களுக்குப் பிரித்துக் கொடுக்கும். அதுதான் நடைமுறை. அந்தக் கண்ணி ஒரே சட்டப்பிரிவால் அறுந்துபோனது. கிராமத்தில் உண்மையாக நடந்து திரிகிறவர்கள்தான் முதலில் வேலை இழந்தார்கள்.

கூடவே, நிர்வாகச் செலவுக்கான உச்சவரம்பு 50 விழுக்காட்டிலிருந்து 20 விழுக்காடாகக் குறைந்தது. நியாயம்தானே, பணம் மக்களுக்குத்தானே போக வேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். ஆனால் எது நிர்வாகச் செலவு? மருத்துவமனையின் மருத்துவருக்குத் தரும் சம்பளமும் பள்ளி ஆசிரியருக்குத் தரும் சம்பளமும் நிர்வாகச் செலவில் சேராது என்று விதியே விலக்களிக்கிறது. சட்ட ஆலோசனைக் கட்டணமும், அலுவலக வாடகையும், அறிக்கை எழுதும் செலவும் நிர்வாகச் செலவுப் பட்டியலில் நிற்கின்றன. மருத்துவமனை நடத்துகிறவருக்கு அந்த வரம்பு ஒரு தொந்தரவு. வழக்கு நடத்துவதையே பணியாகக் கொண்டவருக்கு அது மூச்சை அடைக்கும் சுருக்கு. இதற்கும் மேலாக, கன்னியாகுமரி மாவட்ட அமைப்பாக இருந்தாலும் வெளிநாட்டு நன்கொடைக்கான கணக்கை டெல்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கியின் முதன்மைக் கிளையில்தான் தொடங்க வேண்டும் என்றும் ஆனது.

கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதும் 20,000-க்கும் மேற்பட்ட அமைப்புகளின் பதிவு ரத்தாகியிருக்கிறது. அவற்றில் பல, ஆண்டறிக்கை தாக்கல் செய்யாமல் விட்டவை. பெயருக்கு இருந்தவையும் உண்டு. எல்லாவற்றையும் அடக்குமுறை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் லாயர்ஸ் கலெக்டிவ் என்ற வழக்கறிஞர் அமைப்பு, டெல்லியின் கொள்கை ஆராய்ச்சி மையம் போன்றவை கணக்கு எழுதத் தெரியாமல் பதிவை இழந்தவை என்று நம்ப என்னால் முடியாது. வங்கிக் கணக்குகள் முடக்கப்பட்டதால் பன்னாட்டு மனித உரிமை அமைப்பான ஆம்னெஸ்டியின் இந்தியக் கிளை 2020-இல் தன் பணியையே நிறுத்த வேண்டி வந்தது.

இதே சட்டம் அரசியல் கட்சிகளை எப்படி நடத்தியது என்பதையும் பாருங்கள். பாரதிய ஜனதாவும் காங்கிரசும் வேதாந்தா குழுமத்தோடு தொடர்புடைய நிறுவனங்களிடம் நன்கொடை வாங்கியது இந்தச் சட்டத்துக்கு எதிரானது என்று 2014 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கட்சிகள் என்ன செய்தன? 2016-இல் நிதிச் சட்டத்தின் வழியாக ‘வெளிநாட்டு மூலம்’ என்பதன் வரையறையைப் பின்தேதியிட்டு மாற்றினார்கள். அதுவும் போதாமல், 2018-இல் அந்த மாற்றத்தை 1976 வரைக்கும் பின்னால் இழுத்துக்கொண்டு போனார்கள். 42 ஆண்டுகளுக்கு முன்பு செய்த தவறும் தவறில்லை என்று ஆனது. அதே குழுமத்தின் ஆலையை எதிர்த்துத் தூத்துக்குடியில் ஊர்வலம் போன மக்களில் 13 பேரை 2018 மே மாதத்தில் போலீஸ் சுட்டுக் கொன்றது. நான் இரண்டையும் முடிச்சுப் போடவில்லை. வெளிநாட்டுப் பணம் நாட்டுக்கு ஆபத்து என்று சொல்கிறவர்கள் தங்களுக்கு மட்டும் எப்படி விலக்கு எழுதிக்கொண்டார்கள் என்பதைக் கவனிக்கச் சொல்கிறேன்.

சரி, உங்களிடம் வருகிறேன்.

மனித உரிமைப் பணிக்கு எதற்குப் பணம், அது ஆர்வத்தால் செய்கிற வேலைதானே என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டிருக்கிறார். நல்ல மனிதர், ஆண்டுதோறும் பள்ளிக் கட்டடங்களுக்குப் பெருந்தொகை தருகிறவர். அவருக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன்.

ஒருவர் காவலில் இறந்துபோகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2020-இல் சாத்தான்குளத்தில் நடந்தது, 2025-இல் திருப்புவனத்துக்குப் பக்கத்தில் மடப்புரத்தில் நடந்தது. பெரும்பாலும் நள்ளிரவில் ஓர் உறவினர் யாருக்கோ போன் செய்வதிலிருந்து தொடங்கும். உடனே ஒருவர் கிளம்பிப் போக வேண்டும். வண்டிக்குப் பணம் வேண்டும். முதல் இரண்டு நாட்களில் நடப்பதுதான் வழக்கின் தலையெழுத்தைத் தீர்மானிக்கிறது. உடலை வாங்கிக்கொள்ளச் சொல்லி நெருக்குவார்கள். வேலை தருகிறோம், பணம் தருகிறோம் என்று பேச்சுவார்த்தைக்கு ஆள் வருவார்கள். உடலில் உள்ள காயங்களைக் குடும்பத்தினர் பார்த்தார்களா, பிரேதப் பரிசோதனை வீடியோ எடுக்கப்பட்டதா, நீதித்துறை நடுவர் விசாரணைக்கு வந்தாரா என்று யாராவது கூடவே நின்று கேட்க வேண்டும். அதிகாலையில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் மனுத் தாக்கல் செய்ய வழக்கறிஞர் தயாராக இருக்க வேண்டும். மறு உடற்கூறாய்வு கேட்க வேண்டுமானால் சான்றுகளைப் படிக்கத் தெரிந்த தடயவியல் மருத்துவர் ஒருவரின் கருத்து வேண்டும்.

இது முதல் வாரம். தொலைக்காட்சி கேமராக்கள் இருக்கிற வாரம்.

அதற்குப் பிறகு வரும் ஆண்டுகளுக்குத்தான் பெரும் செலவு. உண்மை அறியும் குழு ஊருக்குப் போய் வாக்குமூலங்களைப் பதிவு செய்யும். சாட்சிகள் கூலித் தொழிலாளர்கள். ஒவ்வொரு வாய்தாவுக்கும் ஒரு நாள் கூலி போகும். பஸ் கட்டணம் யார் தருவது? மிரட்டலுக்குப் பயந்து ஒரு சாட்சி ஊரைவிட்டுப் போனால், அவருக்கு மூன்று மாதம் தங்க இடம் யார் பார்ப்பது? சான்றிட்ட நகல்கள், தட்டச்சு, தகவல் உரிமை மனுக்கள், மேல்முறையீடுகள். இறந்தவரின் மனைவிக்குத் தூக்கம் வராத இரவுகளில் கூட இருந்து பேச ஒரு பெண் களப்பணியாளர். எதிர்த்தரப்பில் இருப்பவர்களுக்கு அரசுச் சம்பளம் மாதந்தோறும் வந்துகொண்டிருக்கும். இடைநீக்கத்தில் இருந்தாலும் பிழைப்பூதியம் வரும். இந்தத் தரப்பில் யாருக்காவது சம்பளம் நின்றால் வழக்கும் நிற்கும்.

இந்தியா 1997-இல் சித்திரவதைக்கு எதிரான ஐ.நா. உடன்படிக்கையில் கையெழுத்திட்டது. இன்றுவரை அதற்கு ஏற்பளிக்கவில்லை. சித்திரவதையைத் தனிக் குற்றமாக்கும் சட்டமும் இயற்றப்படவில்லை. அதனால் ஒவ்வொரு வழக்கையும் அடித்தளத்திலிருந்து கட்டி எழுப்ப வேண்டியிருக்கிறது. கட்டுகிறவர்களுக்குச் சோறு வேண்டும்.

வாச்சாத்தியை நினைத்துப் பாருங்கள். 1992 ஜூனில் வனத்துறையினரும் போலீசாரும் வருவாய்த் துறையினரும் சேர்ந்து அந்த மலையடிவாரக் கிராமத்தைச் சூறையாடி, 18 பெண்களை வல்லுறவுக்கு உள்ளாக்கினார்கள். 2011-இல் தருமபுரி நீதிமன்றம், குற்றம் சாட்டப்பட்டவர்களில் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தபோது 2023 செப்டம்பர் ஆகிவிட்டது. 31 ஆண்டுகள். அந்தப் பெண்கள் அத்தனை காலமும் தளராமல் நின்றார்கள் என்பது முதல் காரணம். மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் அத்தனை காலமும் அவர்களைக் கைவிடவில்லை என்பது அடுத்த காரணம். ஒரு கட்சி அமைப்பின் பலம் அதற்குக் கிடைத்தது. அப்படி ஒரு கட்சி பின்னால் இல்லாத ஊர்களில் 31 ஆண்டுகள் யார் தாங்குவது? மூன்றாண்டுத் திட்ட நிதியில் ஓடும் அமைப்பால் முடியாது. நான் பார்க்கும் கணக்குகளில் திட்டம் முடிந்ததும் களப்பணியாளரின் பெயர் சம்பளப் பட்டியலிலிருந்து மறைவதைக் கண்டிருக்கிறேன். அவர் கையாண்ட வழக்கு அப்போது சாட்சி விசாரணைக்குக்கூட வந்திருக்காது.

வெளிநாட்டுப் பணம் அப்பழுக்கற்றது என்றும் நான் வாதாடவில்லை. அது எங்கள் அமைப்புகளைச் சில வகைகளில் கெடுத்தது. அறிக்கைகள் ஆங்கிலத்தில் வெளிவந்தன. பாதிக்கப்பட்டவர் தன்னைப் பற்றி எழுதப்பட்டதைப் படிக்க முடியவில்லை. உறுப்பினர் சந்தா வாங்கும் பழக்கமே போய்விட்டது. மக்களுக்குப் பதில் சொல்வதைவிட நிதி தந்தவருக்குப் பதில் சொல்வது அவசரமாயிற்று. இப்போது அந்த நிதி தந்தவர்களின் நாடுகளிலும் காற்று மாறிவிட்டது. 2025 ஜனவரியில் அமெரிக்க அரசு தன் வெளிநாட்டு உதவியை ஒரே கையெழுத்தில் நிறுத்தியது. உலகெங்கும் அதை நம்பியிருந்த அமைப்புகள் சில வாரங்களுக்குள் ஆட்களை அனுப்பிவிட்டுக் கதவைச் சாத்தின. ஆக, டெல்லி நாளையே மனம் மாறிச் சட்டத்தைத் தளர்த்தினாலும் பழைய நாட்கள் திரும்பப் போவதில்லை.

எத்தியோப்பியா 2009-இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. வருமானத்தில் 10 விழுக்காட்டுக்கு மேல் வெளிநாட்டிலிருந்து பெறும் அமைப்பு மனித உரிமை பற்றிப் பேசவே கூடாது. உள்ளூரில் பணம் திரட்ட வழியில்லாத ஏழை நாடு அது. உரிமை அமைப்புகளில் பெரும்பாலானவை மூடப்பட்டன அல்லது பெயரை மாற்றிக்கொண்டு கிணறு வெட்டப் போயின. பத்தாண்டுகளுக்குப் பிறகு, 2019-இல்தான் அந்தச் சட்டம் மாற்றப்பட்டது. எத்தியோப்பியர்களிடம் பணம் இல்லை என்று சொல்லலாம். நம்மிடம் இல்லை என்று யாரால் சொல்ல முடியும்?

நம் முன்னோர்கள் இதற்குப் பணம் கொடுத்திருக்கிறார்கள். தென்னாப்பிரிக்காவின் திரான்ஸ்வாலில் இந்தியர்கள் கைரேகை வைத்துப் பதிவுச் சீட்டு வாங்க வேண்டும் என்ற சட்டத்தை எதிர்த்துக் காந்தி போராடியபோது, சிறைக்குப் போனவர்களில் தமிழர்களே மிகுதி. 1909-இன் இறுதியில் கையில் காசில்லாமல் இயக்கம் தள்ளாடிய வேளையில், பம்பாயிலிருந்து ஜாம்ஷெட்ஜி டாடாவின் மகன் ரத்தன் டாடா 25,000 ரூபாய் அனுப்பினார். பின்னும் அனுப்பினார். அந்தக் காலத்து 25,000. கடல் கடந்த நாட்டில், அந்த நாட்டு அரசின் சட்டத்தை மீறியவர்களுக்கு, ஒரு தொழிலதிபர் கொடுத்த பணம் அது. இன்றைய சட்டத்தின் கண்ணால் பார்த்தால் அப்பட்டமான வெளிநாட்டு நன்கொடை. சிறை சென்ற சத்தியாகிரகிகளின் குடும்பங்களைக் காப்பாற்ற அத்தகைய நிதி உதவியது. 1910-இல் திரான்ஸ்வால் அரசு பல தமிழர்களைக் கப்பலேற்றிச் சென்னைக்கு நாடுகடத்தியபோது, பதிப்பாளர் ஜி.ஏ. நடேசன் அவர்களைத் தாங்கிக்கொண்டார்.

இன்னும் நெருக்கமான ஒன்று வேண்டுமானால் விருதுநகருக்கும் சிவகாசிக்கும் போங்கள். வணிகத்தில் ஒவ்வொரு மூட்டைக்கும் இவ்வளவு என்று மகமை (பொது நிதி) வசூலித்த நாடார் உறவின்முறைகள் (சமூகச் சங்கங்கள்) 1889-இல் சத்திரிய வித்தியாசாலையைத் தொடங்கின. நாடார்கள் கோயிலுக்குள் போகக் கூடாது என்று தடுத்த கமுதி வழக்கு, அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான இலண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. அதற்கும் அந்தச் சமூகத்து வணிகர்களே நிதி திரட்டினார்கள். 1908-இல் தோற்றார்கள். ஆனால் தோற்ற வழக்கும் வீணாகவில்லை. 1939-இல் மதுரை மீனாட்சி கோயில் கதவு திறந்தது. பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்த அதே கை வழக்குக்கும் கொடுத்தது என்பதைக் கவனியுங்கள். இரண்டையும் அவர்கள் வேறு வேறாகப் பார்க்கவில்லை. சொந்தச் சமூகத்துக்காகச் செய்ததை எல்லோருக்காகவும் செய்யும்படிதான் உங்களிடம் கேட்கிறேன்.

உங்கள் தயக்கங்கள் எனக்குத் தெரியும். முதலாவது அச்சம். அதை நான் இலேசாகப் பேச மாட்டேன். 2022 செப்டம்பரில் வருமான வரித் துறை ஆய்வு என்ற பெயரில் நுழைந்த இடங்களில் ஒன்று, சுதந்திர ஊடகங்களுக்கு நிதி வழங்கும் பெங்களூரு அறக்கட்டளை. அது இந்தியர்களின் பணத்தில் இயங்குவது. ஆக, வெளிநாட்டுப் பணம்தான் பிரச்சினை என்ற வாதம் அங்கேயே உடைந்துவிட்டது. நன்கொடைக்கு வருமான வரிச்சலுகை பெற்றுத் தரும் அமைப்பு ஒவ்வொன்றும் தனக்கு நன்கொடை தந்தவரின் பெயரையும் பான் எண்ணையும் ஆண்டுதோறும் வரித் துறைக்கு அனுப்ப வேண்டும். பத்து ஆலைகள் வைத்திருப்பவர் அந்தப் பட்டியலில் தன் பெயர் இருப்பதைப் பார்த்துத் தயங்குவது புரிகிறது.

அதற்கு எனக்குத் தெரிந்த விடை, ஒளிந்து கொடுப்பது கிடையாது. பெயர் தெரியாத நன்கொடை அமைப்புக்கே சிக்கலை வாங்கித் தரும். அதற்குத் தனி வரியும் உண்டு. பலராகச் சேர்ந்து, வெளிப்படையாக, சிறு தொகையாகக் கொடுங்கள். 500 பேர் மாதம் 500 ரூபாய் கொடுத்தால் ஆண்டுக்கு 30 லட்சம். ஒரு மாவட்டத்தில் இரண்டு வழக்கறிஞர்களும் மூன்று களப்பணியாளர்களும் ஓர் அலுவலகமும் இயங்க அது போதும். ஒரு பெரிய கொடையாளரை ஒரு தொலைபேசி அழைப்பால் பின்வாங்கச் செய்யலாம். 500 ஆசிரியர்களையும் செவிலியர்களையும் கடைக்காரர்களையும் அப்படிச் செய்வது கடினம்.

நடக்காத காரியமா இது? நெருக்கடி நிலையின்போது ஜெயப்பிரகாஷ் நாராயண் தொடங்கிய மக்கள் சிவில் உரிமைக் கழகம், நிதி நிறுவனம் எதனிடமும், உள்நாடாக இருந்தாலும் வெளிநாடாக இருந்தாலும், பணம் வாங்குவதில்லை. உறுப்பினர் சந்தாவிலும் தனிமனிதர் நன்கொடையிலும் இன்றுவரை இயங்குகிறது. ராஜஸ்தானில் தகவல் உரிமைக்காக 1996-இல் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா நடந்தபோது, சுற்றுவட்டாரக் கிராமங்கள் தானியம் கொடுத்தன. கடைவீதி பணமும் காய்கறியும் கொடுத்தது. 2005-இல் வந்த தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வேர் அங்கே இருக்கிறது. இன்று நீங்கள் பத்து ரூபாய் கட்டிப் போடும் மனுவுக்குப் பின்னால் அந்தத் தானிய மூட்டைகள் இருக்கின்றன.

அடுத்த தயக்கம், நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி பற்றியது. 2013-ஆம் ஆண்டு நிறுவனச் சட்டப்படி இலாபத்தில் 2 விழுக்காட்டைச் செலவிட வேண்டிய துறைகளின் அட்டவணையில் மனித உரிமை என்ற சொல்லே இல்லை. எங்கள் கணக்காளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்பீர்கள். உண்மைதான். ஆனால் சமூக, பொருளாதார நிலையில் பின்தங்கிய பிரிவினர் எதிர்கொள்ளும் ஏற்றத்தாழ்வுகளைக் குறைப்பது என்ற பணி அந்த அட்டவணையிலேயே இருக்கிறது. கொத்தடிமை நிலையிலிருந்து மீட்கப்பட்ட குடும்பத்துக்கு மறுவாழ்வும் சட்ட வழிகாட்டலும் தருவது அதில் அடங்காதா? கணக்காளரிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அவர் முடியாது என்றால் நிறுவனப் பணத்தை விடுங்கள். உங்கள் சொந்தப் பணத்துக்கு அட்டவணை எதுவும் இல்லை.

வெளிநாட்டில் வாழ்கிற நண்பர்களுக்குத் தனியாக ஒரு செய்தி. உங்களிடம் இந்தியக் கடவுச்சீட்டு இருக்கும்வரை, உங்கள் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக நீங்கள் அனுப்பும் பணம் இந்தச் சட்டத்தின்படி வெளிநாட்டு நன்கொடை ஆகாது. பல அமைப்புகளுக்கே இது தெளிவாகத் தெரியாததால் உங்கள் பணத்தை வாங்கப் பயப்படுகின்றன. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டால், பூர்விகம் திருநெல்வேலியாகவே இருந்தாலும், நீங்கள் ‘வெளிநாட்டு மூலம்’ ஆகிவிடுகிறீர்கள். அப்போது பதிவு இல்லாத அமைப்புக்குப் பணம் அனுப்பி அதை ஆபத்தில் தள்ளாதீர்கள். கொடுக்க முடிகிற ஆண்டுகளில் கொடுங்கள்.

கடைசியாக, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்ல வேண்டிய ஒன்று. நீங்கள் நிதி தரும் அமைப்பு ஒருநாள் உங்கள் ஆலை வாசலிலேயே வந்து நிற்கலாம். கொங்கு நாட்டு நூற்பாலைகளில் சுமங்கலித் திட்டம் என்ற பெயரில் இளம்பெண்களை மூன்றாண்டு ஒப்பந்தத்தில் விடுதிக்குள் அடைத்து வேலை வாங்கியதை வெளியே கொண்டுவந்தவர்கள் சிறு உரிமை அமைப்புகளும் தொழிற்சங்கங்களும்தான். திண்டுக்கல் மாவட்டத்தில் ஆடை ஆலைத் தொழிலாளி ஒருவர் 2021 ஜனவரியில் மேற்பார்வையாளரால் கொல்லப்பட்டார். அதன் பிறகு, தலித் பெண்கள் தலைமை தாங்கும் ஒரு தொழிற்சங்கம் பன்னாட்டு நிறுவனங்களையே மேசைக்கு வரவழைத்து, பாலியல் வன்முறையைத் தடுக்கும் ஒப்பந்தத்தை 2022-இல் கையெழுத்தாக வாங்கியது. இப்படிப்பட்டவர்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, என் ஆலையைப் பற்றிப் பேசாதே என்று சொல்ல முடியாது. அரசு கட்டுப்படுத்தினாலும் முதலாளி கட்டுப்படுத்தினாலும் பணிக்கு நேரும் கதி ஒன்றே. யார் மீது வழக்குப் போடுவது, எந்த ஊருக்குப் போவது என்பதை அமைப்புதான் முடிவு செய்ய வேண்டும். கல்வெட்டில் பெயர், பயனாளியோடு புகைப்படம், காலாண்டுக்கு ஒரு வெற்றிக் கதை ஆகியவற்றையும் கேட்காதீர்கள். அடிபட்டவரின் முகத்தை ஆண்டு மலரில் அச்சிடுவது அவருக்கு இன்னோர் அடி.

சம்பளத்துக்குக் கொடுங்கள், வாடகைக்குக் கொடுங்கள், வழக்குச் செலவுக்குக் கொடுங்கள். குறைந்தது ஐந்து ஆண்டுகளுக்கு என்று எழுதிக் கொடுங்கள். ஓர் ஆண்டு வழக்குத் தோற்றால் மறு ஆண்டு நிறுத்திவிடாதீர்கள்.

பதிலுக்கு எங்களிடம் கறாராகக் கேளுங்கள். தணிக்கை செய்த கணக்கைத் தமிழில் கேளுங்கள். நிர்வாகக் குழுவில் யார் யார், அவர்களுக்குள் உறவுமுறை என்ன, பாதிக்கப்பட்ட சமூகத்தவர் எத்தனை பேர், களப்பணியாளர்களுக்கு வருங்கால வைப்புநிதி கட்டப்படுகிறதா என்றெல்லாம் கேளுங்கள். பதில் சொல்லத் தயங்கும் அமைப்புக்குக் கொடுக்காதீர்கள், வேறொன்றைத் தேடுங்கள். இந்தக் கேள்விகளை எங்கள் ஊர்க்காரர்களே எங்களிடம் கேட்கும் நாளுக்காக நான் காத்திருக்கிறேன்.

ஐ.நா. பொதுச் சபை 1998-இல் ஏற்ற மனித உரிமைக் காப்பாளர்கள் பற்றிய பிரகடனத்தின் 13-ஆம் பிரிவு, அமைதியான வழியில் உரிமைகளைக் காப்பதற்கென்றே நிதி கேட்கவும் பெறவும் பயன்படுத்தவும் எவருக்கும் உரிமை உண்டு என்கிறது. கேட்கும் உரிமையைத்தான் இந்த மடலில் பயன்படுத்தியிருக்கிறேன்.

உங்கள் மாவட்டத்தில் காவல் சித்திரவதை, வன்கொடுமை, கொத்தடிமை வழக்குகளை நடத்தும் அமைப்பு எது என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாவிட்டால் மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் எந்த இளம் வழக்கறிஞரிடமாவது கேளுங்கள், சொல்லிவிடுவார். அந்த அலுவலகத்துக்கு ஒருமுறை நேரில் போங்கள். அடுத்த நிதியாண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை வாங்கிப் பாருங்கள். அதில் உங்களால் தாங்கக்கூடிய ஒரு வரி, ஒருவரின் சம்பளமாகவோ ஒரு வழக்கின் செலவாகவோ, நிச்சயம் இருக்கும்.

அன்புடன்,
சிறு அறக்கட்டளைகளுக்குக் கணக்கு எழுதும் ஒருவர்,
மதுரை.